4 பேர், மாசம் 4500 ரூபாய், ஃபிரிட்ஜ் கிடையாது: சத்தா சாப்பிட எப்படிங்க திட்டம் போடறது?

லைன்வீட்டுச் சமையல்:

வணக்கமுங்க. திருப்பூர்ல வாடகை லைன் வீடு. பெரியவங்க 2 பேரு, பொண்ணுக்கு 12 வயசு (ஏழாவது), பையனுக்கு 7 வயசு (ரெண்டாவது). ரெண்டும் அரசுப் பள்ளிக்கூடம். ரெண்டு பேருமே வேலைக்குப் போறதால காலையில 5 மணிக்கு ஒரு சமையல், ராத்திரி 8 மணிக்கு ஒரு சமையல். ஃபிரிட்ஜ் இல்லை. குக்கர், மிக்ஸி, ரெண்டு பர்னர் அடுப்பு இருக்கு.

பால் சேர்த்து, கேஸ் சேர்க்காம, மாசம் 4500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ரேஷன்ல அரிசி 20 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர், சர்க்கரை 2 கிலோ வாங்கறோம்.

இப்போ போற செலவுல எனக்கே உறுத்தறது: பிஸ்கட், மிக்சர் 450, பசங்களுக்குச் சத்துபானப் பொடி அரைக்கிலோ டப்பா 280, கடை இட்லி மாவு வாரம் 3 பாக்கெட் (40 ரூபா) 480. இவ்வளவு போயும் மாசக் கடைசி வாரம் வெறும் ரசமும் ஊறுகாயும்தான்.

எங்க ஊர் விலை: கொள்ளு கிலோ 80, பாசிப்பயிறு 120, கருப்புக் கொண்டைக்கடலை 100, உளுந்து 130, நிலக்கடலை 130, வெளிக்கடைத் துவரம்பருப்பு 150, சோயா உருண்டை (சில்லறை) 150, கேழ்வரகு 45, முட்டை 6.50, பால் லிட்டர் 40, பிராய்லர் கறி 240.

எனக்கு ஹீமோகுளோபின் 9.8ன்னு ரிப்போர்ட். அதுக்கும் சேர்த்துச் சொன்னா நல்லா இருக்கும். கேஸ் சிலிண்டர் 45 நாளாவது வரணும்.

கணக்குப்புள்ள:

விலைப்பட்டியல் கொடுத்துட்டீங்க, பாதி வேலை முடிஞ்சது. கிலோ என்ன விலைன்னு பார்த்து வாங்கினா ஏமாந்துடுவோம். 10 கிராம் புரதம் என்ன விலைக்கு வருதுன்னு போட்டுப் பாருங்க. உங்க விலைக்கு:

ரேஷன் துவரம்பருப்பு (கிலோ 30): 1.40
சோயா உருண்டை: 2.90
கொள்ளு: 3.70
கொண்டைக்கடலை, பாசிப்பயிறு, நிலக்கடலை: 5.30 முதல் 5.50 வரை
வெளிக்கடைத் துவரம்பருப்பு: 6.90
முட்டை: 10
பால்: 12.50
கோழிக்கறி (எலும்பு, கழிவு போக): 18 போல
சத்துபானப் பொடி: டப்பா பின்னாடி அச்சடிச்சிருக்கறதைப் படிச்சுப் பாருங்க. 100 கிராமுக்கு 10 கிராம் புரதம்னு தாராளமா வெச்சாலே 56 ரூபாய். பெரும்பாலும் சர்க்கரையும் மால்ட்டும்தான். அதை முதல்ல நிறுத்துங்க.

அடுத்து தேவை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (ஹைதராபாத்) 2020ல் வெளியிட்ட அளவுப்படி ஒரு நாளைக்குப் புரதம் ஆணுக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46, 10-12 வயசுப் பெண்ணுக்கு 33, 7-9 வயசுக்கு 23. நாலு பேருக்குச் சேர்த்து 156 கிராம். நீங்க மாசம் 25 கிலோ அரிசியும் 4 கிலோ கேழ்வரகும் சாப்பிட்டாக்கூட அதுல இருந்து நாளுக்கு 72 கிராம்தான் வரும். மீதி 84 கிராமை எங்கிருந்து எடுக்கறதுங்கறதுதான் உங்க கேள்வியே.

நான் போடற மாசப் பட்டியல்:

ரேஷன் சாமான் 105. கூடுதல் அரிசி 5 கிலோ 225. கேழ்வரகு 4 கிலோ 180. வெளிக்கடைத் துவரம்பருப்பு 1 கிலோ 150, கொள்ளு ஒன்றரைக் கிலோ 120, பாசிப்பயிறு 1 கிலோ 120, கொண்டைக்கடலை 1 கிலோ 100, உளுந்து ஒன்றரைக் கிலோ 195, நிலக்கடலை ஒன்றரைக் கிலோ 195, சோயா 300 கிராம் 45. முட்டை 45க்கு 290. பால் தினம் அரை லிட்டர் 600. கடலை எண்ணெய் 1 லிட்டர் 180. காய், கீரைக்கு நாளுக்கு 35 வீதம் 1050. வெங்காயம், தக்காளி 300. புளி, மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பூண்டு, உப்பு எல்லாம் 350. தேங்காய் 100. மீன், கருவாடு, ஈரல் 200.

கூட்டினா 4505. அந்த 5 ரூபாயை நீங்களே பேரம் பேசிக்குங்க.

புரதம் இதுல நாளுக்கு 165 கிராம் பக்கம் வருது. பள்ளிக்கூடச் சாப்பாட்டை இதுல சேர்க்கலை. பையன் அஞ்சாவதுக்குள்ள இருக்கறதால அவனுக்குக் காலை உணவுத் திட்டமும் உண்டு, ரெண்டு பேருக்குமே மதியம் சத்துணவுல முட்டை உண்டு. அதனால வீட்டு முட்டை 45ஐ நாலாப் பிரிக்காதீங்க. பள்ளிக்கூடம் இருக்கற நாள்ல பெரியவங்க ரெண்டு பேரும் சாப்பிடணும், லீவு நாள்ல பசங்க. நம்ம வீடுகள்ல இது தலைகீழாத்தான் நடக்கும், அதனாலதான் தனியா எழுதறேன்.

பருப்பு, பயறுக்கு மட்டும் மொத்தம் 925 ரூபாய். நீங்க சொன்ன பிஸ்கட், டப்பா, கடை மாவு மூணும் சேர்ந்து 1210.

அரிசிம்பருப்பு:

கணக்குப்புள்ள சொன்ன பட்டியல் சரிங்க. ஆனா அடுப்புல ஏத்தும்போதுதான் தெரியும். காலையில ஒரு மணி நேரம், ராத்திரி முக்கால் மணி நேரம்னு வெச்சு எழுதறேன்.

ராத்திரிக்கு வாரம் மூணு நாள் நம்ம ஊர் அரிசிம்பருப்புச் சாதமே போதும். ஒரே குக்கர். ரேஷன் புழுங்கலரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு முக்கால் டம்ளர். மூணு பங்குக்கு ஒரு பங்குங்கற விகிதம் இதுல தானா வந்துருது. அரிசியில குறைவா இருக்கற புரதக்கூறு பருப்புல இருக்கு, பருப்புல குறைவானது அரிசியில இருக்கு. கால் டம்ளர் பருப்பைப் போட்டு மஞ்சத்தூள்ல கலர் காட்டினா அது சத்துச் சாப்பாடு இல்லைங்க.

ரெண்டையும் சேர்த்துக் கழுவி அரைமணி நேரம் ஊற வைங்க. ரேஷன் புழுங்கல் ஊறாமப் போட்டா பருப்பு குழைஞ்சிரும், அரிசி நடுவுல நறுக்குன்னு நிக்கும். குக்கர்ல எண்ணெய் 3 ஸ்பூன், கடுகு, சீரகம் 1 ஸ்பூன், வரமிளகாய் 4, சின்ன வெங்காயம் 12, பூண்டு 6 பல், கறிவேப்பிலை, தக்காளி 1, மஞ்சத்தூள். வதங்கினதும் தண்ணி 8 டம்ளர், கொதி வந்ததும் உப்பும் ஊறின அரிசி பருப்பும். முதல் விசில் வந்ததும் சிம்ல வெச்சு 12 நிமிஷம், அணைச்சிருங்க. ஆவி தானா அடங்கற வரைக்கும் வெயிட்டைத் தூக்கிப் பாக்காதீங்க, அந்தச் சூட்டுலதான் பாதி வேக்காடே. இறக்கி மிளகுப் பொடி தூவி, முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி உருவிப் போட்டு மூடினா அஞ்சு நிமிஷத்துல கீரையும் வெந்துரும்.

கேஸ் பத்தி ஒரே ஒரு விஷயம்: விசில் எண்ணாதீங்க, நிமிஷம் எண்ணுங்க. விசில் அடிக்குதுன்னா வேண்டாத சூடு வெளிய போகுதுன்னு அர்த்தம். முதல் விசிலுக்கு அப்புறம் உள்ள அழுத்தம் நிக்கற அளவுக்குத் தீ இருந்தாப் போதும். வாஷர் தளர்ந்து ஓரத்துல ஆவி போனா என்ன பண்ணினாலும் கேஸ் நிக்காது, முதல்ல அதை மாத்துங்க.

கொள்ளு ஒரு தடவை வேக வெச்சா ரெண்டு பண்டம். 150 கிராம் கொள்ளைக் கல்லு பொறுக்கி, வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, கழுவி, ராத்திரி ஊற வைங்க. காலையில 4 டம்ளர் தண்ணி விட்டு, முதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல 20 நிமிஷம். வடிச்சா ரெண்டு டம்ளருக்கு மேல கொள்ளுத் தண்ணி நிக்கும். அதுல நெல்லிக்காய் அளவு புளி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டினதும் இறக்கினா ரசம். வெந்த கொள்ளோட சின்ன வெங்காயம் 8, பூண்டு 4, வரமிளகாய் 3, சீரகம், மல்லி தலா 1 ஸ்பூன் வதக்கிச் சேர்த்து மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரேயடியா ஓட்டினா களிம்பாயிரும், அப்புறம் பசங்க தொடாது. கொரகொரன்னு இருக்கணும். சுடுசோத்துல நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டுப் பெசஞ்சுக்கலாம்.

ஃபிரிட்ஜ் இல்லாததுக்கு: காலையில வெக்கற குழம்பு மதியத்துக்கும் நிக்கணும்னா தேங்காய் அரைச்சு ஊத்தாதீங்க. தேங்காய்க் குழம்பு சித்திரை வெயில்ல ஒரு மணிக்கே நூல் விட ஆரம்பிச்சிரும். புளிக்குழம்புல எண்ணெய் மேல மிதக்கற வரைக்கும் கொதிக்க விட்டா ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பருப்புக் குழம்பா இருந்தா சாயங்காலம் வந்ததும் முழுக்கக் கொதிக்க வெச்சுத்தான் தொடணும், வெதுவெதுன்னு சூடு பண்றது பண்ணாததுக்குச் சமம். கீரையை அடுத்த வேளைக்கு வெக்கவே வேண்டாம்.

லைன்வீட்டுச் சமையல்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். கொள்ளு, கொண்டைக்கடலை ரெண்டுமே எங்க வீட்ல எட்டு விசில் விட்டும் நறுக்கு நறுக்குன்னுதான் இருக்கு. சமையல் சோடா போட்டா வேகுது. போடலாங்களா?

அரிசிம்பருப்பு:

எந்தத் தண்ணியில ஊற வெக்கறீங்க? போர் உப்புத் தண்ணின்னா அதுதாங்க காரணம். அந்தத் தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்து பயறோட தோலை இறுக்கிரும், எத்தனை விசில் விட்டாலும் இளகாது. ஊற வெக்கறதுக்கும் வேக வெக்கறதுக்கும் குடிக்கிற நல்ல தண்ணி எடுங்க. கழுவறதுக்கு வேணா உப்புத் தண்ணி போதும். ரெண்டாவது, புளியோ தக்காளியோ முன்னாடியே சேர்த்துட்டீங்கன்னாலும் வேகாது. பயறு மசிஞ்சதுக்கு அப்புறம்தான் புளிப்பு. அரிசிம்பருப்புல ஒரு தக்காளின்னா பரவால்ல, துவரம்பருப்பு தோல் நீக்கி உடைச்சது, தாங்கும்.

இது ரெண்டும் சரியா இருந்தும் வேகலைன்னா சரக்கு பழசு. வருசக்கணக்கா மூட்டையில கிடந்த கடலை எதுக்கும் மசியாது. கால் கிலோ வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் கிலோக்கணக்குல வாங்குங்க. சோடா வேண்டாம், பயறுல இருக்கற பி1 வைட்டமினை அது அழிச்சிரும்.

தராசுமுள்:

ஹீமோகுளோபின் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

9.8 என்பது சாப்பாட்டை மட்டும் மாற்றி ஏற்றக்கூடிய அளவு இல்லை. நடுத்தர ரத்தசோகை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவர் பார்த்துவிட்டு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பார், காசு கிடையாது. மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று காரணத்தையும் பார்க்க வேண்டும். மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற மாத்திரை கொடுப்பார்கள், பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாமல் விழுங்குகிறாளா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது, சோற்றுக்குப் பின்னால் உடனே டீ குடிப்பதை நிறுத்துவதும், கீரை பயறு இருக்கும் வேளையில் புளிப்பான பச்சைப் பொருள் ஒன்றைச் சேர்ப்பதும். பெரிய நெல்லிக்காய் அரைத் துண்டு, கொய்யா நாலு கீற்று, அல்லது இறக்கிய பிறகு பிழிந்த எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி பாதி போய்விடும். பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. அந்தச் சி வைட்டமின்தான் அதை உள்ளே இழுக்கிறது.

கறி சாப்பிடுகிற வீடு என்றால், பிராய்லர் கடையில் கோழி ஈரலைத் தனியாகக் கேளுங்கள். கறியைவிட விலை குறைவு, இரும்பு பல மடங்கு அதிகம். வாரம் ஒரு முறை 200 கிராம் போதும். மிளகு போட்டு 8 நிமிடம் வதக்கினால் வெந்துவிடும், அதற்கு மேல் போனால் ரப்பர். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஈரலைத் தொடர்ந்து சாப்பிட வேண்டாம், அதில் ஏ வைட்டமின் மிக அதிகம்.

இன்னொன்று. ரேஷன் அரிசியில் சில மணிகள் நிறம் மாறி இருந்தால், பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய மணி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாகப் பிழிந்து, நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்தது. உங்களுக்கு அது தேவையான ஒன்று. ரெண்டு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குழம்புக்கோ ரசத்துக்கோ விடுங்கள். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

கூழ்ப்பானை:

இதுக்கெல்லாம் எதுக்கு மாத்திரை? தினமும் கேழ்வரகும் கருப்பட்டியும் சாப்பிட்டா ரத்தம் தானா ஊறும்.

தராசுமுள்:

கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச் சத்து. 100 கிராமில் 360 மில்லிகிராம் பக்கம் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளர்கிற பசங்களுக்கு அது போதுமான காரணம். இரும்பு ஐந்து மில்லிகிராமுக்குள்தான், அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம். கருப்பட்டி கிலோ என்ன விலை விற்கிறது? அந்தக் காசுக்கு மூன்று கிலோ கொள்ளு வரும். இனிப்புக்கு ரேஷன் சர்க்கரையே இருக்கட்டும், குறைவாகப் போடுங்கள்.

கூழ்ப்பானை:

சரி, கருப்பட்டியை விட்டுடறேன். கூழை விடமாட்டேன். புளிக்க வெச்சுக் காய்ச்சினா நீங்க சொல்ற அந்தச் சேராத தொல்லையும் குறையும்தானே. எப்படின்னு எழுதிடறேன், நிறையப் பேர் பாதி வேக்காட்டுல இறக்கி வயித்து வலின்னு சொல்றாங்க.

கேழ்வரகு மாவு 1 டம்ளர், தண்ணி 3 டம்ளர், கட்டியில்லாமக் கரைச்சு மண்சட்டியிலயோ எவர்சில்வர் பாத்திரத்துலயோ ராத்திரி மூடி வைங்க. அலுமினியத்துல புளிக்க வெக்காதீங்க. காலையில கால் டம்ளர் நொய்யை (ரேஷன் அரிசியையே மிக்ஸியில ரெண்டு சுத்து விட்டா நொய்தான்) 3 டம்ளர் தண்ணியில குழைய வேக வெச்சுக்குங்க. தீயைச் சிம்ல வெச்சப்புறம்தான் புளிச்ச கரைசலை ஊத்தணும். ஒரு கை ஊத்த, ஒரு கை துடுப்பால கிண்ட. பெருந்தீயில ஊத்தினா அடியில போய் கட்டி கட்டியா உறைஞ்சுக்கும், அந்தக் கட்டிக்குள்ள பச்சை மாவு அப்படியே இருக்கும். 10, 12 நிமிஷம் கிண்டினா நிறம் கருத்து பளபளன்னு வரும். கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாருங்க, ஒட்டக் கூடாது. ஒட்டினா இன்னும் வேகலை.

ஆறினதும் உருண்டை பிடிச்சுத் தண்ணியில போட்டு வைங்க. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதைவிட வசதி கிடையாது, அன்னைக்கு முழுக்கவும் மறுநாள் காலையிலயும் கரைச்சுக் குடிக்கலாம். மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைச்சுட்டு, தொட்டுக்கக் கொள்ளுத் துவையலோ வறுத்த நிலக்கடலையோ இருக்கணும். வெறும் மோர்மிளகாயோட நிறுத்தினா வயிறு ரொம்பும், அவ்வளவுதான்.

சாளைக்குழம்பு:

தூத்துக்குடி பக்கத்துல இருந்து எழுதுதேன். மீனுக்கு 200 ரூவாதான் ஒதுக்கியிருக்கீக, அதை வஞ்சிரத்துல போட்டா ஒரு நேரத்துக்குக்கூட ஆவாது. சாளை வாங்குங்க, அங்கன மத்தின்னு சொல்லுவீக. விலை மலிவு, நெய்ச்சத்து நல்லது. ஆனா திருப்பூர் மாதிரி கடல் இல்லாத ஊருக்கு ஐஸ்ல வருத மீனு, பாத்து வாங்கணும். செவுளைத் தூக்கிப் பாத்தா செவப்பா இருக்கணும், பழுப்பா இருந்தா விட்டுருங்க. வயிறு வெடிச்சுக் குடல் தெரிஞ்சா சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கெட்டுப்போன சாளையைக் கொதிக்க வச்சாலும் சரியாவாது, உடம்பு முழுக்கத் தடிச்சு அரிப்பு எடுக்கும். வாங்கின அன்னைக்கே குழம்பு வச்சிரணும்.

நெத்திலிக் கருவாடு 50 கிராம் வாரத்துக்கு ஒருக்க. தலையைக் கிள்ளிட்டு, சுடுதண்ணியில பத்து நிமிசம் போட்டு, மூணு தண்ணி மாத்தி அலசுங்க. மணலும் போவும், உப்பும் குறையும். முள்ளோட சாப்பிடுததால சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது. கத்திரிக்காய், மொச்சை போட்டுப் புளிக்குழம்பு வையுங்க, குழம்புக்குத் தனியா உப்பு போடாம கடைசில ருசி பாத்துட்டுப் போடுங்க. ரத்தக்கொதிப்பு உள்ளவுக கருவாட்டைத் தொடாம இருக்கது நல்லது.

கணக்குப்புள்ள:

காய்க்கு நாளுக்கு 35 போதுமான்னு கேப்பீங்க. ஊட்டிக் காய்கறி பக்கம் அடிக்கடி போகாம இருந்தாப் போதும். தமிழ்நாட்டுல 1999ல இருந்து உழவர் சந்தை இருக்கு, உங்க ஊர்லயும் உண்டு. காலையில கூட்டத்துல போய் நல்லதாப் பொறுக்கறதைவிட, சந்தை கலையற நேரத்துல போனா மிச்சக் கீரைக்கட்டைத் தள்ளிவிடப் பாப்பாங்க. அதை அன்னைக்கே ஆக்கிடணும்.

விலைக்கு வாங்கின காய்லயே நாம தூக்கிப் போடறது நிறைய. முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்போட கூட்டு வெக்கலாம். பீட்ரூட் இலை அசல் கீரைதான். தண்டங்கீரைத் தண்டை நார் உரிச்சுச் சாம்பார்ல போடுங்க. காலிஃபிளவர் தண்டைப் பொடியா நறுக்கினா பொரியல். வாழைத்தண்டு ஒரு முழம் வாங்கினா ரெண்டு வேளைக்கு வரும். கீரையை அலசிட்டு நறுக்குங்க. நறுக்கிட்டு அலசினா சத்து சாக்கடைக்குத்தான் போகும்.

நிலக்கடலையைப் பத்தியும் சொல்லிடறேன். மொத்தமா ஒன்றரைக் கிலோவையும் வறுத்து டப்பாவுல போட்டா ரெண்டு வாரத்துல சிக்கு வாடை வரும். பச்சையா வெயில்ல காய வெச்சு வெச்சுக்குங்க, வாரத்துக்கு 350 கிராம் மட்டும் வறுங்க. கருத்த, சுருங்கின, பூஞ்சை பிடிச்ச பருப்பைக் கண்டிப்பா பொறுக்கிடணும். அந்தப் பூஞ்சையோட விஷம் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது. பசங்க சாயங்காலம் பிஸ்கட் கேக்கற நேரத்துக்கு ஒரு கைப்பிடி கடலை, இல்லைன்னா அவிச்ச கொண்டைக்கடலை.

லைன்வீட்டுச் சமையல்:

கடை மாவை நிறுத்தலாம்னு இருக்கேன். ரேஷன் அரிசியில அரைச்சா இட்லி கல்லு மாதிரி வருதுங்க, அதான் கடையில வாங்க ஆரம்பிச்சதே. அப்புறம் சத்துமாவு வீட்ல அரைச்சா மூணு வாரத்துல கசப்பு அடிக்குது, ஏன்?

அரிசிம்பருப்பு:

இட்லிக்கு ரேஷன் புழுங்கல் 4 டம்ளர், உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். ரேஷன் அரிசி பழைய அரிசி, 3 மணி நேரம் பத்தாது, 6 மணி நேரம் ஊறணும். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினாப் போதும், ரொம்ப ஊறினா பொங்காது. மிக்ஸியில அரைக்கறதால ஜார் சூடாகும், சூடான உளுந்து மாவு அமுங்கிரும். உளுந்துக்குப் பானைத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, நிறுத்தி நிறுத்தி அரைங்க. ஒரு சொட்டு மாவைத் தண்ணியில விட்டா மிதக்கணும், மூழ்கினா இன்னும் அரைக்கணும். அரிசியோட ஒரு கைப்பிடி சோறு சேர்த்து அரைச்சா கல்லுத்தன்மை போயிரும். அரிசியை மையா அரைக்காதீங்க, ரவைப் பதம்.

வெயில் காலத்துல மாவு 6 மணி நேரத்துலயே பொங்கிரும். பொங்கினதும் பாதியைத் தனியா எடுத்து, அகலமான சட்டியில தண்ணி ஊத்தி அதுக்குள்ள மாவுப் பாத்திரத்தை வெச்சு, ஈரத்துணி சுத்துங்க. தண்ணியை ரெண்டு தடவை மாத்தினா மறுநாள் தோசைக்குத் தாங்கும். மூணாவது நாளைக்கு எதிர்பாக்காதீங்க. அதனால வாரம் ரெண்டு தடவை, கொஞ்சமா அரைக்கறதுதான் வழி.

சத்துமாவுல நிலக்கடலை சேர்த்து அரைச்சிருப்பீங்க. அந்த எண்ணெய்தான் கசப்பாகுது, மெஷின் சூடு வேற. கேழ்வரகு 1 கிலோ, பாசிப்பயிறு கால் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ மட்டும் மெஷின்ல கொடுங்க. கேழ்வரகும் பயறும் தனித்தனியா வறுக்கணும். கேழ்வரகு பொரிய ஆரம்பிக்கும்போது பயறு இன்னும் சூடே ஏறியிருக்காது. அரைச்சு வந்ததும் பேப்பர்ல பரப்பி முழுக்க ஆற விட்டு டப்பாவுல போடுங்க, சூட்டோட மூடினா வேர்த்து வண்டு வெக்கும். கடலைப் பொடியைக் கஞ்சி காய்ச்சும்போது ஒரு ஸ்பூன் மேல தூவிக்கலாம். பட்டியல்ல இருக்கற கேழ்வரகு, பயறுலயே எடுத்துக்குங்க, பொட்டுக்கடலைக்கு மட்டும் 30 ரூபா கூட வரும்.

தராசுமுள்:

கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் இன்னும் நல்லது, கஞ்சி நீர்க்கவும் இருக்கும், பையன் குடிப்பான். 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட வடித்துவிட்டு, ஈரத்துணியில் முடிந்து ஒரு நாள். நடுவில் ஒருமுறை தண்ணீர் தெளித்து உதறுங்கள். மூட்டை அடியில் தண்ணீர் தேங்கினால் கொழகொழத்து நாற்றம் வரும், அதை அலசிக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிடுங்கள். முளை அரை விரல்கடை வந்தால் போதும். பிறகு மொறமொறவென்று காயும் வரை வெயில். ஈரம் இருக்கும்போது மெஷினில் கொடுத்தால் அரைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

லைன்வீட்டுச் சமையல்:

கொள்ளை நல்ல தண்ணியில ஊற வெச்சுப் பார்த்தேனுங்க. சிம்ல 20 நிமிஷத்துல விரல்ல நசுங்குது. சோயா உருண்டை மட்டும் பசங்க வாடை அடிக்குதுன்னு ஒதுக்குறாங்க, அதுக்கு என்ன பண்றது?

அரிசிம்பருப்பு:

உப்புப் போட்ட கொதிதண்ணியில 5 நிமிஷம் போட்டு, பச்சைத் தண்ணிக்கு மாத்தி, ரெண்டு தடவை நல்லாப் பிழிஞ்சிருங்க. பிழியற தண்ணியிலதான் அந்த வாடை. அப்புறம் மிக்ஸியில ஒரு சுத்து விட்டு உதிரி ஆக்கி, முட்டைப் பொரியலோட கலந்துடுங்க. நாலு பேருக்கு 40 கிராம் உருண்டை, 2 முட்டை, வெங்காயம் 2, மிளகுப் பொடி தூக்கலா. எது முட்டை எது சோயான்னு பையன் கண்டுபிடிக்க மாட்டான்.